புதிய பட்டப்படிப்புக்கும் பாடத்திட்ட மாற்றத்துக்கும் ஒப்புதல் வாங்குவது: முழுமையான வழிகாட்டி

"அக்கா, பாடப் பட்டியல் ரெடி. இனி ஃபார்ம் நிரப்ப வேண்டியதுதானே?"

பினாங்கில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் தரப் பிரிவில் வேலை செய்கிறேன். புதிதாகப் பொறுப்பேற்கும் ஒருங்கிணைப்பாளர்கள் என்னிடம் சொல்லும் முதல் வாக்கியம் அநேகமாக இதுதான். நாற்பது பாடங்களின் பெயர் எக்ஸெல்லில் வரிசையாக இருக்கும். பாதி, கோலாலம்பூரில் இருக்கும் வேறொரு கல்லூரியின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்தது. மீதி, துறையில் இருக்கும் விரிவுரையாளர்கள் தமக்குப் பிடித்ததைச் சொன்னது. பட்டியலை வாங்கி மேசையின் ஓரத்தில் வைத்துவிடுவேன். அது ஐந்தாவது படியில்தான் தேவைப்படும்.

நான் பார்த்த வரை, திரும்பி வரும் கோப்புகளில் பெரும்பாலானவை படிப்பு மோசம் என்பதால் திரும்புவதில்லை. பாடங்களை முதலில் எழுதிவிட்டு, காரணங்களைப் பிறகு ஒட்டவைப்பதால்தான் திரும்புகின்றன. ஒட்டவைத்த இடம் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். கூடுதல் வேலை போலத் தெரியும். இருமுறை எழுதுவதைவிடக் குறைவான வேலைதான்.

1. எந்தக் கதவு என்று முதலில் பாருங்கள்

மலேசியாவில் பட்டப்படிப்புக்கு ஒப்புதல் வாங்கும் வழி எல்லாருக்கும் ஒன்றில்லை. நீங்கள் எந்தக் கதவின் முன் நிற்கிறீர்கள் என்று தெரியாமல் ஒரு பக்கம்கூட எழுதாதீர்கள்.

அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால் கோப்பு புலத்திலிருந்து (ஃபேகல்ட்டி) பல்கலைக்கழகத்தின் உச்சக் கல்விக் குழுவான செனட்டுக்குப் போய், அங்கிருந்து உயர்கல்வி அமைச்சின் குழுவுக்குப் போகும். அதற்குப் பிறகுதான் மலேசியத் தகுதிகள் முகமையான எம்.கியூ.ஏ. தனியார் என்றால் இரண்டு ஒப்புதல்கள் வேண்டும். எம்.கியூ.ஏ.வின் தற்காலிக அங்கீகாரம் ஒன்று. 1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டத்தின்படி, அதாவது 555-ஆம் சட்டத்தின்படி, அமைச்சிலிருந்து படிப்பை நடத்த வாங்கும் அனுமதி இன்னொன்று. முதலாவது 'தரம் இருக்கிறதா' என்று பார்க்கிறது. இரண்டாவது 'நடத்தலாமா' என்று பார்க்கிறது. ஒன்று கிடைத்ததும் விளம்பரம் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

மூன்றாவது வகை, சுய அங்கீகாரத் தகுதி உள்ள பல்கலைக்கழகங்கள். மலாயாப் பல்கலைக்கழகமும் பினாங்கின் யு.எஸ்.எம். என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் 2010-இல் இத்தகுதியைப் பெற்றவை. அங்கே அங்கீகார மதிப்பீட்டைப் பல்கலைக்கழகமே நடத்தும். அது சுலபம் என்று நினைக்க வேண்டாம். அங்குள்ள உள்குழுக்கள் வெளிக்குழுவைவிடக் கறாராக இருக்கும் என்று அங்கே வேலை செய்யும் தோழி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இதோடு தொழில்முறை அமைப்புகளும் இருக்கின்றன. பொறியியல் என்றால் பொறியியலாளர் வாரியத்தின் அங்கீகார மன்றம். மருத்துவம், மருந்தியல், தாதிமை, சட்டம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைப்பு. சுய அங்கீகாரத் தகுதி இருந்தாலும் இவர்களைத் தாண்டிப் போக முடியாது. உங்கள் துறைக்கு அப்படி ஓர் அமைப்பு இருந்தால், அதன் கையேட்டிலிருந்தே தொடங்குங்கள். அங்குள்ள நிபந்தனைகள்தான் இறுக்கமானவை.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு: நண்பர் ஒருவர் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து தன் கோப்பை அன்போடு அனுப்பிவைப்பார். அவர் போன கதவு வேறாக இருக்கும். அந்தப் படிவத்தில் எழுதிய கோப்பு நம் கதவில் நுழையாது.

இன்னொன்று. தனியார் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் வளாகத்தோடு ஒட்டியது. கோலாலம்பூர் வளாகத்துக்குக் கிடைத்த ஒப்புதலை வைத்துப் பினாங்கு வளாகத்தில் அதே படிப்பை நடத்த முடியாது. அறை, நூலகம், ஆள் எல்லாமே வேறு என்பதுதான் காரணம்.

2. மேசையில் இருக்க வேண்டியவை

எழுதத் தொடங்கும் முன் இவை கையில் இருக்கட்டும்: மலேசியத் தகுதிகள் கட்டமைப்பின் இரண்டாம் பதிப்பு, படிப்பு அங்கீகார நெறிமுறைக் கையேடு, உங்கள் துறைக்குத் தனித் தர ஆவணம் இருந்தால் அது, கட்டாயப் பொதுப் பாடங்கள் பற்றிய கடைசிச் சுற்றறிக்கை. கணினி, கணக்கியல், பாலர் கல்வி போன்றவற்றுக்குத் தர ஆவணம் இருக்கிறது. உங்கள் துறைக்கு இல்லையென்றால் கட்டமைப்பும் நெறிமுறையும் சொல்வதுதான் சட்டம்.

நெறிமுறைக் கையேட்டின் பதிப்பைக் கண்டிப்பாகப் பாருங்கள். பழைய பதிப்பில் ஒன்பது பகுதிகள் இருந்தன. 2017-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவை ஏழாகச் சுருங்கின. பழைய கோப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறவர்கள் ஒன்பது பகுதிகளோடு வந்து நிற்பார்கள். உள்ளடக்கம் நன்றாக இருந்தாலும் முதல் பார்வையிலேயே 'இவர் கையேட்டைத் திறக்கவில்லை' என்ற எண்ணம் விழுந்துவிடும்.

விரிவுரையாளர்களின் பட்டச் சான்றிதழ் நகல்களையும் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் ஒருவர் உம்ராவில் இருப்பார், ஒருவர் சென்னையில் கல்யாணத்தில் இருப்பார்.

3. நிலையும் பெயரும்

தகுதிக் கட்டமைப்பில் டிப்ளோமா 4-ஆம் நிலை, இளங்கலை 6, முதுகலை 7, முனைவர் 8. படிப்பின் அளவைச் சொல்லும் கிரெடிட்டும் உண்டு: டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், இளங்கலைக்கு 120, பாடவழி முதுகலைக்கு 40. இந்த எண்களுக்குக் கீழே போக வழியில்லை. மேலே எவ்வளவு போகலாம் என்பதில்தான் புத்தி வேண்டும். ஏன் என்று ஆறாவது படியில் சொல்கிறேன்.

பெயரில் சிக்கல் அதிகம். ஒரு துறையின் பெயர் பட்டத்தில் வந்தால் அதற்கேற்ற அளவு பாடம் உள்ளே இருக்க வேண்டும். மலாயில் 'டான்' (தமிழின் '-உம்') போட்டு இரண்டு துறைகளைச் சேர்த்தால் இரண்டும் பாதிப் பாதி. 'டெங்கான்' (தமிழின் '-உடன்') போட்டால் முதலாவது பிரதானம், இரண்டாவது ஏறக்குறையக் கால் பங்கு. தமிழிலும் அப்படித்தானே: 'இட்டிலியும் வடையும்' கேட்பதற்கும் 'வடையுடன் இட்டிலி' கேட்பதற்கும் தட்டில் வித்தியாசம் இருக்கிறது. மார்க்கெட்டிங் பிரிவுக்குப் பிடிக்கும் என்று நவீனமான சொல்லொன்றைப் பட்டப் பெயரில் சேர்த்துவிட்டு, அந்தத் துறையில் இரண்டே பாடங்கள் வைத்திருக்கும் கோப்பு நிச்சயம் திரும்பும்.

பெயர் முடிவானதும் தேசியக் கல்விக் குறியீட்டில் உங்கள் படிப்பு எந்த எண்ணின் கீழ் வருகிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாத் தாள்களிலும் அந்த எண் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

4. இந்தப் படிப்பு யாருக்கு?

இங்கே கேட்கப்படுவது ஒரே ஒரு கேள்வி: நாட்டில் ஏற்கெனவே இதே போன்ற படிப்புகள் இருக்கும்போது உங்களுடையது எதற்கு?

பதிலுக்கு ஒரு தேவை ஆய்வு வேண்டும். பெரும்பாலும் என்ன நடக்கிறது தெரியுமா? சொந்த வகுப்பு மாணவர்களிடம் கூகள் ஃபார்ம் ஒன்றைக் கொடுத்து, 'இந்தப் படிப்பு வந்தால் சேர்வீர்களா' என்று கேட்கிறார்கள். முன்னால் நிற்பது தன் விரிவுரையாளர். யார் 'மாட்டேன்' என்பார்? அந்த ஆய்வைக் குழுவில் ஒருவரும் நம்புவதில்லை.

உதாரணத்துக்கு, லாஜிஸ்டிக்ஸ் இளங்கலை ஒன்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் இருக்கின்றன, விமான நிலையம் இருக்கிறது, பட்டர்வொர்த்தில் துறைமுகம் இருக்கிறது. அங்கே ஆள் எடுக்கிறவர்களிடம் போய் 'இந்தப் படிப்பு தேவையா' என்று கேட்காதீர்கள். எல்லாரும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். 'கடைசியாக எடுத்த பட்டதாரிக்கு எதைச் சொல்லிக்கொடுக்க அதிக நாள் ஆனது' என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் அடுத்த படிக்கு மூலப்பொருள்.

சேர்க்கைத் தகுதியையும் இங்கேயே தீர்த்துவிடுங்கள். ஆறாம் படிவ மாணவர் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு என்றால் இரண்டு பாடங்களில் குறைந்தது சி, சீனத் தனியார் பள்ளிகளின் யு.இ.சி. தேர்வு என்றால் ஐந்து பாடங்களில் பி என்பவை இளங்கலைக்கான பொதுவான அடித்தளம். தர ஆவணம் கணிதம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும் என்று கூடுதலாகக் கேட்கலாம். இந்தத் தேர்வுகளின் வழி இல்லாமல் வேலை அனுபவத்தின் வழி வருகிறவர்களுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். இவர்களை எப்படிச் சேர்ப்பீர்கள் என்று ஒரு பத்தியாவது எழுதுங்கள். பலரும் மறந்துவிடும் பத்தி இது.

5. பேறுகளிலிருந்து பாடங்களுக்கு

மூன்று அடுக்குகள் இருக்கின்றன. பட்டம் வாங்கிச் சில ஆண்டுகள் கழித்து அவர் எப்படிப்பட்ட வேலையில் இருப்பார் என்பது படிப்பின் நோக்கம். பட்டம் வாங்கும் நாளில் அவரால் என்ன செய்ய முடியும் என்பது படிப்பின் பேறு. ஒரு பாடம் முடியும்போது என்ன செய்ய முடியும் என்பது பாடத்தின் பேறு. மேலிருந்து கீழாகத்தான் எழுத வேண்டும். கீழிருந்து மேலே போனால், இருக்கும் பாடங்களுக்கு ஏற்றபடி நோக்கத்தை வளைத்துவிடுவீர்கள்.

கட்டமைப்பின் இரண்டாம் பதிப்பு பேறுகளை ஐந்து கொத்துகளாகப் பிரிக்கிறது: அறிவும் புரிதலும், சிந்தனைத் திறன், வேலைக்கான செயல்திறன்கள், தனிமனித, தொழில்முனைவுத் திறன்கள், நெறியும் தொழில் ஒழுக்கமும். மூன்றாவதுதான் பெரிய குடும்பம். செய்முறை, பழகும் திறன், பேச்சுத் தொடர்பு, மின்னியல், எண், தலைமைத்துவம் எல்லாம் அதற்குள்தான். உங்கள் பேறுகளில் எதுவும் விடுபடக் கூடாது.

வினைச்சொல்லில் கவனமாக இருங்கள். 'புரிந்துகொள்வார்', 'அறிந்திருப்பார்' என்றெல்லாம் எழுதினால், அதை எப்படிச் சோதிப்பீர்கள் என்ற கேள்வி வரும். 'சரக்கு இருப்பைக் கணக்கிடுவார்', 'இரண்டு வழித்தடங்களை ஒப்பிட்டு ஒன்றைப் பரிந்துரைப்பார்' என்றால் சோதிக்கலாம். கோப்பு ஆங்கிலத்திலோ மலாயிலோதான் போகும் என்றாலும், நானும் எங்கள் தமிழ் விரிவுரையாளர்களும் மாமாக் கடையில் தே தாரேக் முன்னால் உட்கார்ந்து இதைத் தமிழில் பேசித் தீர்ப்பதுண்டு. தமிழில் 'செய்து காட்டுவார்' என்று சொல்லிப் பார்த்தால் ஒட்டுகிற வினைதான் அளக்கக்கூடிய வினை. சின்ன உபாயம்தான், இதுவரை கைவிட்டதில்லை.

இப்போது அந்தப் பாடப் பட்டியலை மேசை ஓரத்திலிருந்து எடுங்கள். குறுக்கே பேறுகள், நெடுக்கே பாடங்கள் என்று கட்டம் போடுங்கள். எந்தப் பாடம் எந்தப் பேற்றைத் தாங்குகிறது என்று குறியுங்கள். எந்தப் பேற்றையும் தாங்காத பாடம் வெளியே போக வேண்டும், அதை நடத்துகிறவர் துறைத் தலைவராக இருந்தாலும் சரி.

புதியவர்கள் எல்லாக் கட்டங்களிலும் குறி போட்டுவிடுவார்கள். பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் குறி போட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பீட்டைக் காட்டியாக வேண்டும். 'எண்கணிதத் திறன் இந்த வரலாற்றுப் பாடத்தில் எங்கே சோதிக்கப்படுகிறது' என்று குழுவில் ஒருவர் கேட்டால் முழிக்க வேண்டிவரும். ஒரு பாடப் பேற்றுக்கு ஒரு படிப்புப் பேறு, ஒரு பாடத்துக்கு மூன்று அல்லது நான்கு பாடப் பேறு என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

நெடுவரிசைகளையும் எண்ணிப் பாருங்கள். நெறி என்ற வரிசையில் நெறி பற்றிய கட்டாயப் பொதுப் பாடமான 'பெங்ஹாயாத்தான் எத்திகா' மட்டும் தனியாக நிற்பதை எத்தனையோ கோப்புகளில் பார்த்திருக்கிறேன். லாஜிஸ்டிக்ஸ் படிப்பில் சுங்க அறிவிப்பு பற்றிய பாடம் இருக்கும்போது, நெறியை அங்கே வைக்காமல் வேறெங்கே வைப்பது?

6. மணிக்கணக்கு

கோப்பில் மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இது. கூட்டல் கணக்குதான், இருந்தும் தவறும்.

இங்கே 1 கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. விரிவுரையாளர் நிற்கும் நேரம் இல்லை, மாணவர் படிக்கும் நேரம். வகுப்பு, டுடோரியல், வீட்டில் படிப்பது, பரீட்சை எழுதுவது, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து.

40 மணி என்றால் ஏறக்குறைய ஒரு வேலை வாரம். ஆக 120 கிரெடிட் இளங்கலை என்பது 4,800 மணி, அதாவது 120 வாரம். மூன்று ஆண்டுகளில் இருப்பது 156 வாரம்தான். விடுமுறைக்கும் பெருநாள்களுக்கும் மீதி 36 வாரம். 'நம் படிப்பு கனமாக இருக்கட்டும்' என்று 135 கிரெடிட் போட்டால் மீதி 21 ஆகிவிடும். மாணவர் எப்போது மூச்சு விடுவார் என்று குழு கேட்கும், கேட்கத்தான் வேண்டும்.

ஒரு 3 கிரெடிட் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 120 மணி வர வேண்டும். 14 வாரம், வாரத்துக்கு 2 மணி விரிவுரை: 28. வாரத்துக்கு 1 மணி டுடோரியல்: 14. விரிவுரைக்கு வீட்டில் படிக்க 28, டுடோரியலுக்குத் தயாராக 14. இதுவரை 84. இடைத் தேர்வு 2 மணி, அதற்குப் படிக்க 4: மொத்தம் 90. ஓர் இடுபணிக்கு 15: மொத்தம் 105. இறுதித் தேர்வு 3 மணி, அதற்குப் படிக்க 12: மொத்தம் 120. சரியாக வந்துவிட்டது.

இப்போது அதே தாளில் மதிப்பெண் பகிர்வைப் பாருங்கள். அங்கே 'குழுப் படைப்பு 20 விழுக்காடு' என்று இருக்கிறதா? இருந்தால் அதற்கு மணி எங்கே? 120-க்குள் இல்லை. மணிக்கணக்கை ஒருவர் போட்டிருப்பார், மதிப்பெண்ணை இன்னொருவர் போட்டிருப்பார். நான் எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான். ஒரு பாடத்தில் ஒத்துப்போகவில்லையென்றால் மற்ற பாடங்களிலும் ஒத்துப்போயிருக்காது.

தொழிற்பயிற்சியின் கணக்கு வேறு. அலுவலகத்தில் இருக்கும் நேரம் முழுக்கக் கற்றல் நேரம் இல்லை என்பதால் பாதியைத்தான் எடுக்கிறோம். வாரத்துக்கு 40-இல் 20. ஆகவே 2 வாரத்துக்கு 1 கிரெடிட்; 12 வாரப் பயிற்சிக்கு 6. இதைத் தெரியாமல் 12 வாரத்துக்கு 12 என்று போட்டவர் ஆறு கிரெடிட் குறைந்துபோய், கடைசி நேரத்தில் இரண்டு பாடங்களைத் தேடி அலைந்தார்.

7. ஆட்களும் அறைகளும்

கற்பிக்கிறவரின் தகுதி பொதுவாகப் படிப்பைவிட ஒரு நிலை மேலே இருக்க வேண்டும், இளங்கலைக்கு முதுகலை. விரிவுரையாளர்களில் குறைந்தது 60 விழுக்காட்டினர் முழுநேரமாக இருக்க வேண்டும்.

ஒரே ஆளை மூன்று படிப்புகளின் கோப்பில் காட்டுவது பழைய தந்திரம். மூன்று கோப்புகளும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. ஒவ்வொருவரும் வாரத்துக்கு எத்தனை மணி வேறு படிப்பில் எடுக்கிறார் என்று நீங்களே எழுதிவிடுங்கள். இனிமேல்தான் ஆள் எடுக்கப் போகிறீர்கள் என்றால், எந்த செமஸ்டருக்கு எத்தனை பேர் என்று திட்டம் வையுங்கள். முதல் ஆண்டுக்கான ஆள் பெயரோடு இருந்தால் போதும். மூன்றாம் ஆண்டு ஆளை இப்போதே நியமிக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

அறை, ஆய்வுக்கூடம், நூல் பட்டியல்களில் தடுமாற்றம் குறைவு. பாடநூலின் பதிப்பு ஆண்டை மட்டும் பாருங்கள். பத்துப் பாடங்களுக்கும் பத்தாண்டுப் பழைய புத்தகங்கள் என்றால் நன்றாக இருக்காது.

8. உள்வீட்டுக் குழுக்கள்

துறைக் கூட்டம், புலக் குழு, பாடத்திட்டக் குழு, செனட் என்று படிகள். பெயர் இடத்துக்கு இடம் மாறும். வரிசை அதிகம் மாறாது. ஒவ்வொன்றும் வேறொன்றைப் பார்க்கிறது: துறை உள்ளடக்கத்தை, புலம் ஆளையும் பணத்தையும், பாடத்திட்டக் குழு கட்டத்தையும் கணக்கையும், செனட் பல்கலைக்கழகத்தின் பெயரை. எல்லாருக்கும் அதே 200 பக்கக் கட்டை அனுப்பாதீர்கள். செனட்டுக்கு முன்னால் நான்கு பக்கச் சுருக்கம் போட்டால் கூட்டம் சீக்கிரம் முடியும், உங்களைக் கோபமாகப் பார்க்கவும் மாட்டார்கள்.

வெளி மதிப்பீட்டாளரை செனட்டுக்கு முன்னால் வையுங்கள், பின்னால் வேண்டாம். அவர் சொன்னதைச் செனட் ஒப்புக்கொண்ட பிறகு மாற்றினால் மறுபடியும் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். எங்கள் கோப்பு ஒன்று அப்படி ஒரு முழு செமஸ்டரை இழந்தது. தவறு என்னுடையதுதான், கூட்டத் தேதி நெருங்குகிறது என்று அவசரப்பட்டேன்.

கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'செனட் ஒப்புக்கொண்டது' என்று எழுதினால் போதாது. எத்தனையாவது கூட்டம், எந்தத் தேதி, என்ன நிபந்தனை என்று பின்னால் கேட்பார்கள்.

9. வெளியே போகும் கோப்பு

அனுப்பும் முன் கோப்பை உருவாக்காத ஒருவரிடம் ஒரு நாள் கொடுங்கள். அவருக்கு ஒரே வேலை: எண்களை ஒப்பிடுவது. முதல் பக்கத்தில் 122 கிரெடிட், செமஸ்டர் வாரியான அட்டவணையில் கூட்டினால் 121, பாட விவரத் தாள்களைக் கூட்டினால் 124. சிரிக்காதீர்கள், இது சாதாரணமாக நடப்பது. முன்தேவைப் பாடம் பின்னால் வரும் செமஸ்டரில் இருக்கிறதா என்பதையும் அவரே பார்க்கட்டும்.

நாள் கணக்கைச் சேர்க்கை மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தால், அடுத்த சேர்க்கைக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன். நிர்வாகத்துக்குப் பிடிக்காது. 'ஒப்புதல் விரைவில்' என்று மாணவரிடம் பணம் வாங்கிவிட்டுக் காத்திருப்பதைவிட மேல்.

10. கேள்விகள் வரும்போது

ஒப்புதலுக்கு முன் கேள்விகள் வரும். வருவது இயல்பு. பயப்பட வேண்டியதில்லை, கோபப்படவும் வேண்டாம். மூன்று நெடுவரிசைகளில் பதில் எழுதுங்கள்: அவர்கள் சொன்னது அவர்களுடைய வார்த்தையிலேயே, நீங்கள் செய்தது, பக்க எண். பக்க எண் இல்லாத பதில் பதிலே இல்லை. படிக்கிறவர் தேட மாட்டார், அடுத்த கேள்வியைத்தான் எழுதுவார்.

ஒப்புக்கொள்ள முடியாத கருத்தும் வரும். எல்லாவற்றுக்கும் 'திருத்தப்பட்டது' என்று தலையாட்ட வேண்டாம். ஒருமுறை ஒரு பாடத்தை நீக்கச் சொல்லி வந்தது. நீக்கினால் ஒரு பேறு அனாதையாகிவிடும் என்று கட்டத்தோடு காட்டினோம், ஏற்றுக்கொண்டார்கள். ஐந்தாவது படியை ஒழுங்காகச் செய்திருந்தால் இந்த வாதம் தானாகக் கையில் இருக்கும்.

இன்னோர் எச்சரிக்கை: ஒரு பாடத்தின் மணியை மாற்றினால் அது மொத்தக் கிரெடிட்டையும் செமஸ்டர் அட்டவணையையும் கட்டத்தையும் தொடும். திருத்தம் செய்த ஒவ்வொரு முறையும் ஒன்பதாவது படியின் ஒப்பீட்டைத் திரும்பச் செய்யுங்கள்.

11. மாணவர் சேர்ந்த பிறகு

தற்காலிக அங்கீகாரம் என்பது 'தொடங்கலாம்' என்ற அனுமதி மட்டுமே. விளம்பரத் தாளில் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஒப்புதல் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதில் 'பி.ஏ.' (PA) என்றிருந்தால் தற்காலிகம், 'எஃப்.ஏ.' (FA) என்றிருந்தால் முழுமை. பெற்றோர் ஒருவர் 'பி.ஏ. பட்டமா' என்று கேட்டது உண்டு!

முதல் அணி இறுதி ஆண்டுக்கு வரும்போது முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் பட்டத்தோடு வெளியே போகும்போது அந்தப் பட்டம் எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் இருக்க வேண்டும். அரசாங்க வேலைக்குப் போகிறவருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. இந்த இரண்டாவது சுற்றில் காகிதத் திட்டம் போதாது. மதிப்பிட்ட விடைத்தாள், கேள்வித்தாளைச் சரிபார்த்த பதிவு, மாணவர் கருத்து, அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்ற சான்று எல்லாம் கேட்பார்கள். முதல் செமஸ்டரிலிருந்தே நல்லது, நடுத்தரம், சுமார் என்று மூன்று விடைத்தாள்களை எடுத்து வையுங்கள். மூன்றாவது ஆண்டில் தேடினால் கிடைக்காது.

மதிப்பீட்டுக் குழு நேரில் வரும் தேதியைத் தீர்மானிக்கும்போது உள்ளூர் நாள்காட்டியைப் பாருங்கள். வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தைப்பூசம் பினாங்கில் விடுமுறை என்பதும், அந்த நாள்களில் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் வண்டி நகராது என்பதும் தெரியாமல் இருக்கலாம்.

12. ஓடும் படிப்பை மாற்றும்போது

மாற்றத்துக்கு வருகிறவர்கள் 'சின்ன மாற்றம்தான்' என்றே தொடங்குவார்கள். எது சின்னது என்பதை நம் மனம் தீர்மானிப்பதில்லை. எம்.கியூ.ஏ. வைத்திருக்கும் எல்லை 30 விழுக்காடு. அதற்குள் என்றால் உள்குழுக்களில் முடித்துத் தெரிவிக்கும் வழி. தாண்டினால் கிட்டத்தட்டப் புதுப் படிப்பு போல ஒன்றிலிருந்து ஏற வேண்டியதுதான். 120 கிரெடிட் படிப்பில் 30 விழுக்காடு என்பது 36 கிரெடிட், அதாவது பன்னிரண்டு மூன்று-கிரெடிட் பாடங்கள்.

இந்த ஆண்டு நான்கு பாடம், அடுத்த ஆண்டு ஐந்து, அதற்கடுத்து ஐந்து என்று போனால் தனித்தனியாக எல்லாம் சின்னதுதான். கூட்டினால் பதினான்கு. கடைசியாக ஒப்புதல் பெற்ற வடிவத்திலிருந்து எண்ணும் பதிவேடு ஒன்றை நான் வைத்திருக்கிறேன். ஒருங்கிணைப்பாளர்கள் மாறுவார்கள், அந்தப் பதிவேடு மாறாது.

சில மாற்றங்களுக்கு விழுக்காடே கிடையாது. பட்டப் பெயர், வளாகம், வகுப்பறையிலிருந்து திறந்த தொலைவழிக் கல்விக்குப் போவது இவையெல்லாம் ஒரு பாடம்கூட மாறாவிட்டாலும் தனி ஒப்புதல் கேட்பவை.

மாற்றக் கோப்பில் பழையதும் புதியதும் பக்கம் பக்கமாக நிற்கும் அட்டவணை வேண்டும்: எந்தப் பாடம் போகிறது, எது வருகிறது, எது பெயர் மட்டும் மாறுகிறது, ஏன். 'காலத்துக்கேற்ப' என்பது காரணம் ஆகாது. மாணவர் கருத்து, வெளி மதிப்பீட்டாளரின் அறிக்கை, வேலை கொடுப்பவர் சொன்னது என்று ஏதாவது ஒன்றைச் சுட்டுங்கள்.

அப்புறம் எல்லாரும் மறப்பது: ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள். புதிய வடிவம் எந்தச் சேர்க்கையிலிருந்து, பழைய மாணவர் பழையதிலேயே முடிப்பாரா, பழைய பாடத்தில் தோற்றவர் எதை எடுத்துத் தேறுவார் என்று தெளிவாக எழுதி, மாற்றத்துக்கு ஒப்புதல் தரும் அதே கூட்டத்திலேயே, எந்தப் பழைய பாடத்துக்கு எந்தப் புதிய பாடம் ஈடு என்று சொல்லும் அட்டவணைக்கும் ஒப்புதல் வாங்குங்கள். தனியாகப் பிறகு வாங்கலாம் என்று விட்ட ஒரு கோப்பால், உடல்நிலை காரணமாக இரண்டு செமஸ்டர் ஒத்திவைத்துத் திரும்பிய ஒரு பெண், தான் தோற்ற பாடமே இல்லாத படிப்பில் வந்து நின்றாள். அவளுடைய அப்பா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "என் மகள் எதை எழுதிப் பாஸ் பண்ணணும், அத மட்டும் சொல்லுங்கம்மா" என்றார். அடுத்த செனட் கூட்டத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.